தண்ணி ஊசி

வயிற்றுச் சதையைப் பிடித்து இன்சுலின் பேனாவின் ஊசியைக் குத்தினேன். பத்து வரை எண்ணி எடுத்தேன். பேனாவில் எண் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. ஆனால் வலிக்கவே இல்லை. மருந்து உள்ளே போனதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கச்சிராயபாளையத்தில் எங்கள் அம்மாவுக்கு வலிக்காத ஊசியெல்லாம் தண்ணி ஊசிதான். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, அவரே இன்சுலின் போட்டுக்கொள்ள ஆரம்பித்த வாரம், மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. வலிச்சுதா?"

"எறும்பு கடிச்சாப்பலகூட இல்ல."

"அப்ப இன்னா மருந்து அது? இன்னொண்ணு போட்டுக்கினு போங்க."

போட்டுக்கொண்டார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், ஒரு மணி நேரத்தில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கத் திரும்பி வந்தார். அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த வெல்லத்தை அம்மாவே எடுத்துக் கரைத்துக் குடிக்க வைத்தாள். அவர் தெளிந்து உட்கார்ந்ததும் குப்பியை மறுபடி பார்த்தாள்.

"மருந்துதான் போலருக்குது."

என் கை மறுபடி பேனாவைத் தேடியது. சந்தேகம் தீரவில்லை. என்றாலும் ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வெல்லம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.