திரையில் இல்லாத சனி

என் அக்காவிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் கணவருக்குப் பார்வை போயிற்று. நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது போலும்!

பாளையம்பட்டியில் செல்போன், டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு திருச்சுழி சாலையில், தெருவிளக்குகள் முடிகிற இடத்தில். கொல்லைக்கு அப்பால் கருவேல முள்ளும் தரிசும்தான். அந்தக் கொல்லையில் என் தொலைநோக்கி நிற்கிறது. கடையில் கிடந்த பழைய வெப்கேமரா ஒன்றின் லென்ஸைக் கழற்றி, பிவிசி குழாய்த் துண்டில் பொருத்தி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் செருகினேன். அதன் வயர் மடிக்கணினிக்குப் போகும். வியாழனும் சனியும் திரையில் வந்து நிற்கும்.

நிற்கும் என்றா சொன்னேன்? நிற்காது! பூமி சுழல்கிறதல்லவா... ஒரு நிமிடத்துக்குள் கோள் நழுவித் திரையை விட்டே போய்விடும். அதற்குள் வீடியோ எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கரிசல் தரை மாலையில் சூட்டைக் கக்கும்போது, உலைநீருக்குள் பருப்பைப் பார்ப்பதுபோல் எல்லாம் நெளியும். ஆயிரக்கணக்கான படங்களில் நெளியாத சிலவற்றை மட்டும் கணினி பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும்.

கோள் நழுவாதிருக்க நான் ஒரு மோட்டார் பூட்டினேன். பழைய கார் வைப்பர் மோட்டார். இனிமேல் சனி எங்கே ஓடினாலும் என் குழாய் பின்னாலேயே போகும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மூன்று வாரம் பீற்றிக்கொண்டேன். விலகிப் போக வேண்டிய சனியை வீட்டுக்கே வரவழைக்கிறான் பார் என்று தெருவில் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் என் மச்சான் ஒருவர்தான். அக்காவின் கணவர். அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தார். பஞ்சை விரலால் இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு பார்வையில் தரம் சொல்லிவிடுவார். "எம் மாப்ள மூளைக்காரன்" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லுவார். சொந்தத்தில் வேறு யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கண் மங்குகிறது என்று அக்காவுக்குச் சந்தேகம். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நச்சரித்து நச்சரித்து, ஒரு திங்கட்கிழமைக்கு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலைதான் நான் தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐப்பசி மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஏழு மணிக்குள் சனி நன்றாக மேலே வந்துவிட்டது. சின்ன வளையம், பழுப்பு மஞ்சளில்! சிரித்தவர்களே முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். மோட்டார் முனகிக்கொண்டே சனியைத் திரையின் நடுவில் பிடித்து வைத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் பார்த்துவிட்டுப் போன பிறகு, அருப்புக்கோட்டையிலிருந்து தனியாக வந்திருந்த மச்சான் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

அப்போது மோட்டாரின் முனகல் நின்றது.

சனி மெல்ல ஓரத்துக்கு ஊர்ந்து திரையை விட்டுப் போயிற்று. திரையில் ஒன்றுமில்லை... வெறும் கறுப்பு. மச்சான் அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வளையம் அம்சமாத் தெரியுது மாப்ள. மோதிரங் கணக்கா இருக்கு."

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பயந்து போயிருந்தார்.

ஒரே நொடியில் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரிந்துவிட்டன. மோட்டார் நின்றுவிட்டது. மச்சானுக்குக் கண் தெரியவில்லை. இரண்டில் எது எனக்கு முதலில் வலித்தது தெரியுமா? மோட்டார்!

"ஆமா மச்சான்" என்றேன். அவர் எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை அக்கா டவுன் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தாள். மதுரைக்கு வரமாட்டேன் என்கிறாராம். அவ்வளவு தூரத்தில் இருக்கிற வளையமே தெரிகிறது, என் கண்ணுக்கு என்ன கேடு என்று மல்லுக்கு நிற்கிறாராம். அவளுக்கு இதெல்லாம் பிடிபடாது. எனக்குத் தெரியும் என்று நம்பி வந்திருந்தாள்.

"தம்பி, நெசமாச் சொல்லு. அவுக பாத்தாகளா?"

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். முந்தின நாள் கொல்லைக்கு வந்தவர்கள். என் மோட்டாரைப் பற்றித்தான் வியந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். திரையில் ஒன்றுமில்லை, மோட்டார் நின்றுவிட்டது என்று அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும்...

"பாத்தாகக்கா. தெளிவாத்தான் பாத்தாக."

இவ்வளவுதான். ஒரு வைப்பர் மோட்டாருக்காக! நம்புகிறீர்களா? என்னாலேயே நம்ப முடியவில்லை.

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். பத்து நாள் கழித்து மச்சானின் கடைக்குப் போனேன். பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் விரலால் மட்டும் தடவிக்கொண்டிருந்தார். எதற்கும் ஒரு தடவை மதுரைக்குப் போய்வருவோம் மச்சான் என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "நீதான மாப்ள எஞ்சாட்சி" என்றார்.

வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அவரும் பொய் சொன்னவர்தானே என்று சில நாள் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் பயத்தில் சொன்னார். நான்...?

தை மாதம் மச்சானின் இடது கண்ணுக்குள் இரத்தக் குழாய் உடைந்தது. சித்திரைக்குள் வலதும் போயிற்று. சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் இருந்த பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மதுரை டாக்டர். அக்கா டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என் பக்கம் திரும்பியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் திரும்பவில்லை.

அந்த மாலையின் வீடியோ என்னிடம் இருக்கிறது. வெப்கேமராவில் மைக் உண்டு என்பதை மறந்திருந்தேன். கறுப்புத் திரை, அதன்மேல் அவர் குரல், பிறகு என் குரல். படம் அடுக்கும்போது கணினி அந்தப் பகுதியை உதவாது என்று தள்ளிவிட்டது. என்னால் அழிக்க முடியவில்லை. அக்காவிடம் போட்டுக் காட்டவும் முடியவில்லை.

மச்சான் கடையை விட்டுவிட்டார். இப்போதும் சில மாலைகளில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வருவார். இன்றைக்கு என்ன மாப்ள தெரிகிறது என்று கேட்பார். நானும் சொல்லுவேன். அன்று திரையில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியுமா? அது எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியுமா? எப்படிக் கேட்பேன்!

போன வாரமும் வந்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னாள்.

"எப்பிடியோ தம்பி, கண்ணு இருக்கையிலயே அந்த வளையத்தப் பாத்துட்டாக. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதலு."

மச்சான் நான் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாக்கா" என்றேன்.