மிஷினில் ஏற்றிய குரல்

மங்கலம்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு முதலாளி. எழுபதுகளின் பிற்பகுதியில் குவைத்திலிருந்து லீவில் வந்த அவருடைய மைத்துனர் சிந்தசைசர் என்ற மின்சார வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். பாய் அதை என் மடியில் வைத்து, "நீங்கதான் படிச்சவரு, பாத்துக்குங்க" என்றார். நான் படித்தது பீங்கான் தொழில். பகலில் விருத்தாசலத்தில் சூளை வேலை, கல்யாண நாள்களில் ஆர்மோனியம்.

கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'என்வலப்' என்று போட்டிருந்தார்கள். கடிதம் வைக்கிற உறைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கோடு ஏறி, சமமாக ஓடி, பிறகு சரிந்தது. அது நான் தினமும் போடுகிற கோடு. சூளையில் சூடு எவ்வளவு நேரத்தில் ஏற வேண்டும், எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எப்படி ஆற வேண்டும் என்று வரைந்துவைப்போம். இங்கே சூட்டுக்குப் பதில் சுருதி, மணிக்குப் பதில் நொடி.

ஆனால் சூளைக்காரன் புத்தி எங்கே போகும்? அவசரமாக ஆறவிட்டால் பீங்கான் விரிசல் விடும் என்று பழகிய கை, இறங்கும் நேரத்துக்கான குமிழைக் கடைசிவரை திருகிவிட்டது. விரலை எடுத்த பிறகும் சுரம் கீழே வழுக்கிக்கொண்டே போனது. "என்னாங்க இது, வயித்துவலிக்காரன் மொனகுற மாதிரி இருக்குது" என்று பாய் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், சுரம் சற்றுக் கீழிருந்து கிளம்பி ஒரு நொடிக்குள் தன் இடத்துக்கு ஏறுகிற மாதிரி வைத்தேன். கட்டையை அழுத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் குழுவில் பாடுகிற பெண்ணின் குரல்.

அவள் எங்கள் பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள். என்னை அண்ணே என்பாள். எந்தச் சுரத்தையும் நேராகப் பிடிக்கமாட்டாள். கீழே தொட்டு மேலே ஏறுவாள். ஆர்மோனியத்தில் சுரம் போட்ட இடத்தில் நிற்கும். அவள் வந்து சேர்வதற்குள் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். ஆறு வருஷமாகத் திருத்திப் பார்த்தேன். ஜனங்களோ அந்த ஏற்றத்துக்குத்தான் கைதட்டினார்கள். வாசிக்கிறவன் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பொறாமைதான், வேறென்ன.

அந்த வாரம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை ஏறுமுன் என்னிடம் வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்திருக்காருங்கண்ணே. அதோ, மூணாவது வரிசை. இதுவரைக்கும் நான் பாடி ஒரு தடவகூட கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டுட்டுத்தான் மேக்கொண்டு பாடப் போவலாமா வேணாமான்னு சொல்வேன்னிருக்காரு. கொஞ்சம் பாத்து வாசிங்க."

"கவலப்படாத போம்மா" என்றேன்.

அவள் முதல் வரி பாடி நிறுத்தினாள். வாத்தியம் அதற்குப் பதில் சொல்வது எங்கள் வழக்கம். நான் ஆர்மோனியத்தைத் தொடவில்லை. அதே வரியைச் சிந்தசைசரில், அவளுடைய ஏற்றத்தோடு வாசித்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பு எனக்குப் போதையாக இருந்தது. இரண்டாம் வரிக்குக் குமிழைத் திருகி, ஏறும் நேரத்தை நீட்டினேன். சுரம் நொண்டி நொண்டி மேலேறியது. பந்தலே அதிர்ந்தது, யாரோ விசில் அடித்தார்கள், பாயும் சிரித்தார். மூன்றாவது வரிசையில் இருந்தவர் மட்டும் தன்னைச் சுற்றிச் சிரிப்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மீதிப் பாட்டை அவள் நேராகப் பாடினாள். ஒவ்வொரு சுரமும் ஆர்மோனியக் கட்டை போல அதனதன் இடத்தில் நின்றது. ஆறு வருஷம் நான் அவளிடம் வேண்டியது அதைத்தான். உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. முடித்துவிட்டு, "போயிட்டு வரேண்ணே" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு அவள் ஒத்திகைக்கு வரவில்லை. கம்பெனியில் தேடிப் போனேன். வைக்கோலிலிருந்து கையெடுக்காமலே, "அவருக்குப் புடிக்கலைங்கண்ணே, வுடுங்க" என்றாள். "மிஷினு திடீர்னு அப்படி ஆயிப்போச்சும்மா" என்றேன். அவள் நம்பினாளா தெரியாது, தலையாட்டினாள். அவள் வீடு சைக்கிளில் பத்து நிமிஷம். போய் அவரிடம், குறை பாட்டில் இல்லை, நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் கூசுகிறது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தச் சத்தத்தால் எனக்குப் பெயர் வந்தது. நீட்டலைக் குறைத்து, அவள் பாடியபடியே பதமாக வைத்துக்கொண்டேன். மிஷினில் பொம்பளை பாடுகிறாள் என்று பேச்சு பரவியது. அதை வாசிக்காமல் பாய் என்னை எந்த மேடையிலிருந்தும் இறங்கவிடவில்லை.

அடுத்த தை மாதம் எங்கள் கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மேடையேறும் வரிசை என்னை ஒட்டித்தான் நகர்ந்தது. அதில் அவள் நான்கு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சிந்தசைசரில் அந்த ஏற்றத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை நின்றுவிட்டது.

"எம்மா, நீ என்னைத் தூங்க வைக்கிறப்ப பாடுவியே, அதே மாதிரி பாடுதும்மா."

"கம்முனு வா. அது மிஷினு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் நல்ல கைதட்டல்.