காதுக்காரர் சொன்ன கிளட்ச் கோளாறு

சத்தத்தை வைத்தே வண்டிக் கோளாறைச் சொல்லும் மெக்கானிக் அவர்; காதுக்காரர் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். வண்டிக்குள் ஏறவே மாட்டார். வெளியே இடுப்பில் கை வைத்து நின்று, “கிளட்சை மிதிங்க, விடுங்க” என்பார். மிதித்ததும் சத்தம் நின்றால் பேரிங் போயிருக்கிறது. என்ஜின் மட்டும் கத்தி வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. இருபது வருடமாக அவர் சொன்னது தப்பியதில்லை. அதனால் வந்த தலைக்கனமும் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் மனைவி கண் மருத்துவமனையில் நர்ஸ். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகி, ஒரு வருடமாகத் தானே வேலைக்குப் போய்வந்தாள். ஒரு மதியம் காரை ஒர்க்‌ஷாப்புக்கே ஓட்டி வந்தாள்.

“என்னங்க, ஒரு வாரமா முதல் கியர் முரண்டு பிடிக்குது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு அரைக்குது.”

அவர் வெளியே நின்றபடியே கேட்டார். “எந்நேரமும் கிளட்ச் மேல காலை வச்சிருந்தா என்ன ஆகும்? பிளேட் சூடேறி வளைஞ்சிருக்கும். ஓட்டத் தெரியாதவங்ககிட்ட வண்டியைக் குடுத்தா இதான் கதி.”

அங்கே வேலை செய்யும், ஒடுக்கு எடுக்கிற டிங்கரும் எலெக்ட்ரீஷியனும் பெயிண்டரும் சிரித்தார்கள்.

“நான் காலை வைக்கிறதில்லைங்க.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். பிளேட் புதுசு மாதிரி இருந்தது. ஒன்றிலும் குறையில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வேறு வழியின்றி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். கிளட்ச் மிதி முழுசாக இறங்காமல் ஏதோ மெத்தென்று தடுத்தது. குனிந்து பார்த்தார். காலடியில் விரித்திருந்த பழைய மேட் மேல் தடிமனாக இன்னொரு மேட். போன வாரம் சேறு ஒட்டக்கூடாதென்று அவரே போட்டது. அதை உருவிவிட்டு மிதித்தார், கியர் வெண்ணெயாக விழுந்தது. அவமானத்தில் காது மடல் வரை சுட்டது.

“பிளேட்தானேண்ணே?” என்றார் டிங்கர்.

“ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’முக்காக அவர் தன்மேலேயே காறித் துப்பியிருக்க வேண்டும். ஆனால் டீ குடிக்கப் போனார்.

அன்றிலிருந்து அவள் காரைத் தொடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனாள். ஓட்டச் சொன்னால், “எனக்கு ஓட்டத் தெரியாதுங்க” என்றாள். அதில் கோபம்கூட இல்லை, நம்பித்தான் சொன்னாள். அது அவரைத் தின்றது. ஒரு மாதம் கழித்து, சமையலறை வாசலில் நின்று மேட் விஷயத்தையெல்லாம் அவளிடம் சொல்லிக் கொட்டிவிட்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

“ஒரு மாசமா என் கால்மேலயே எனக்குச் சந்தேகம்ங்க. இதை இங்க வந்து ஏன் சொல்றீங்க? அன்னிக்கு எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு இங்கயா சொன்னீங்க?”

மறுநாள் காலை அவள் ஒர்க்ஷாப் வாசலில் நிற்க, அவர் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

“பிளேட்டுல ஒண்ணும் இல்லப்பா. மிதிக்கு அடியில மேட் தடுத்துச்சு. போட்டது நான். அவ நல்லாத்தான் ஓட்டுனா. தெரிஞ்சும் உங்ககிட்ட மறைச்சேன்.”

யாராவது சிரித்திருந்தால் தேவலை. பெயிண்டர் தரையைப் பார்த்தார். டிங்கர் சுத்தியலைத் தேடினார்.

அவள் உள்ளே வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

“சாவி.”