பிடிச்சாச்சு

அந்த பிஸ்கட் ஆலையில் அவருடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘பிடி’. முப்பத்தோரு வருடம் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களை ஒரு தடவை இருபதடி உயரத்தில் ஏற்றிவிட்டு, கீழே ஆளில்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சிரிப்பு போகிற இடம் தெரியாது.

மேலே ஏறுகிறவர் ஆலையின் எலக்ட்ரீஷியன், பிடிக்குச் சொந்த அக்காவின் கணவர். பிடி நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றுகிற ரகம். மச்சானுக்கோ தரையில் நின்றால் கை ஓடாது. “ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் ஒரு முழு ஆளு” என்று அக்கா கேலி செய்வாள்.

இன்றைக்கும் எங்காவது வெந்த சர்க்கரை வாசனை வந்தால் பிடிக்கு அந்தக் கூடம்தான் கண்முன் வரும். மாவுத் தூசி மிதக்கும் வெளிச்சம், கன்வேயரின் கடகடப்பு, நடுவில் அவர்களுடைய அலுமினிய ஏணி. ஏணி நாலடி உயர்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். பிடி அதைக் காலடியாலேயே அளந்துவிடுவார். ஏணிக் காலின் ரப்பரையும் அது நிற்கும் தரையையும் துடைப்பார், ஏனென்றால் மாவு விழுந்த தரை எண்ணெய் ஊற்றிய தரைக்கு அண்ணன். மேலே போன மச்சான் ஒரு பல்புக்காகப் பக்கவாட்டில் எட்டினால் கீழேயிருந்து அதட்டல் வரும்: “மச்சான், தொப்புள்!”

தொப்புள் ஏணியின் இரண்டு கம்பத்துக்கு நடுவிலேயே இருக்க வேண்டும், வெளியே போனால் ஆளும் போவான் என்பது பிடியின் சட்டம். புதிதாக வந்த மேனேஜர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். ஒரு மாதத்தில் அவரும் கூடத்தின் நடுவில் நின்று “தொப்புள்! தொப்புள்!” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியும் பதிலும் உண்டு. “ஏறட்டுமா மாப்ளே?” என்பார் மச்சான். “இருக்கேன்” என்று பிடி சொன்ன பிறகுதான் முதல் படியில் கால் வைப்பார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

அந்த ஒரு சொல்தான் ஒருநாள் அவர்கள் காலை வாரிவிட்டது.

அன்றைக்கு ஏணிக்கு அடியில் ஒரு மாவு மூட்டை கிழிந்து சிந்தியிருந்தது. பிடி குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் சுவர்ப் பக்கம் பார்த்தபடியே “ஏறட்டுமா?” என்று கேட்டார். கன்வேயர் சத்தத்தில் அது பிடியின் காதில் விழவில்லை. அதே நேரம் வாசலில் பதிவேட்டோடு நின்ற டைம்கீப்பர் “பிடி இருக்கியா?” என்று கத்தினார். பிடி வாசலைப் பார்த்து, “இருக்கேன்!” என்றபடி கையெழுத்துப் போட அந்தப் பக்கம் நடந்தார்.

மச்சான் ஏறிவிட்டார். எட்டாவது படியில் ஏணியின் கால் வழுக்கியது. பிடி ஓடிவந்து பற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது முழங்கால் இரண்டு துண்டு.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்தார். பிடி வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து மச்சான் முந்திக்கொண்டார்: “நான்தான் சார், கேக்காம ஏறிட்டேன்.” சொல்லிவிட்டு, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிடி வாயை மூடிக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன? அந்தப் பயத்துக்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னித்ததில்லை.

மூன்று மாதம் கழித்துக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்த மச்சான், பேக்கிங் பிரிவில் போய் ஒளிந்துகொண்டிருந்த பிடியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். “ஏறட்டுமா மாப்ளே?” பிடிக்கு ‘இருக்கேன்’ என்ற சொல் வரவே இல்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிக்கொண்டு, “பிடிச்சாச்சு மச்சான்” என்றார்.

அதுவே ஆலை முழுவதும் சட்டமாயிற்று. கை ஏணியில் பட்ட பிறகு மட்டுமே சொல்லக்கூடிய சொல். பதிவேட்டோடு வந்து கூப்பிடுகிறவனுக்கு அதை யாரும் பதிலாகச் சொல்ல முடியாது.

ஆனால் வீட்டில் அக்கா விடவில்லை. மழை பெய்து மச்சானுக்கு முழங்கால் வலித்தால் போதும்: “ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறத் தெரியாத மனுஷன்! என் தம்பி பக்கத்துலயே நின்னான்ல? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?” இருபது வருடம் இதே பாட்டு. மச்சான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிடிக்குத்தான் சோறு இறங்காது.

மச்சான் போன வருடம் இறந்துவிட்டார். சாவுக்கு வந்தவர்களிடமும் அக்கா அழுதபடியே அதைத்தான் சொன்னாள்: “கேக்காம ஏறி காலை ஒடச்சுக்கிட்ட மனுஷன்.”

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. எழுபது வயதிலும் நிமிர்ந்து நடக்கிற அக்கா, மூன்று படி ஏணியை விரித்துப்போட்டாள். தம்பியை ஏறச் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏறட்டுமாடா?” என்றாள்.

“ஏறாதேக்கா. ஒண்ணு சொல்லணும்.” பிடி ஏணிக்கு முன்னால் வந்து நின்றார். “அன்னைக்கு மச்சான் கேட்டாரு. கேட்டுட்டுத்தான் ஏறினாரு. தப்பு என்னோடது. நான் வேற யாருக்கோ ‘இருக்கேன்’னு சொன்னேன்.”

அக்கா ஏணியிலிருந்து கையை எடுத்தாள்.

“தெரியும்டா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா அவரை அத்தனை வருஷம் திட்டினே?”

“அவர்தான் திட்டச் சொன்னாரு. ‘அவனைத் திட்டினா ஏணியை விட்டுட்டு ஓடிருவான். வேற யாரு பிடிச்சாலும் எனக்குக் கால் நடுங்கும். உனக்குக் கோவம் வந்தா என்னைத் திட்டு’ன்னாரு. எனக்கும் வராம இருக்குமா கோவம்? உனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவருக்கே குடுத்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போனப்புறமும் விட மனசு வரல. பழகிப்போச்சு.”

பிடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து ஏணிக் கால்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் தரையை ஒருமுறை துடைத்தார்.

“ஏறட்டுமாடா?” என்று அக்கா மறுபடி கேட்டாள். இரண்டு காலும் தரையிலேயே இருந்தன. பதில் வரும்வரை அவள் அசையவில்லை.

அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பற்றினார்.

“பிடிச்சாச்சுக்கா.”