பத்தொன்பதாவது இலத்திரன்

மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றாள். கண்டாவளைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் விஞ்ஞானப் பிரிவு தொடங்க இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, அன்றைக்கே அதிபருக்கு முன்னால் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிள்ளையின் பெயர் பட்டியலில் சேராது.

எனக்குச் சபையில் வாய் திறந்து பழக்கமில்லை. போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். எல்லோரும் அப்படித்தான் பின்னால் போய் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். முன் வாங்குகள் காலி.

புதிதாக வந்திருந்த இரசாயனவியல் ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"இலத்திரன் ஒருநாளும் இப்பிடி இருக்காது," என்றா. "கருவுக்குக் கிட்டத்தான் முதல் நிரம்பும். எழும்புங்கோ எல்லாரும்."

கரு அதிபர். அவரை மேசையோடு நடுவில் இருத்திவிட்டு, வாங்குகளைச் சுற்றிப் போடச் சொன்னா. ஒரு வட்டம் ஒரு சக்தி மட்டம், ஒரு வாங்கு ஒரு ஒபிற்றல். ஒரு வாங்கில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. முதல் வட்டத்தின் ஒரே வாங்கில் ஒரு புருசனும் பெண்சாதியும் அகப்பட்டார்கள்.

"முதுகைக் காட்டிக்கொண்டோ இருக்கிறது?" என்று புருசன் கேட்டார்.

"வீட்டிலையும் அப்பிடித்தான் இருக்கிறவர், ரீச்சர். நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றா பெண்சாதி.

இரண்டாம் வட்டத்தில் எட்டுப் பேர், மூன்றாம் வட்டத்தில் எட்டுப் பேர். மிஞ்சியது நான். மூன்றாம் வட்டத்தில் இன்னும் ஐந்து வாங்கு காலியாகக் கிடந்தது. ஆனால் ரீச்சர் என்னை நான்காம் வட்டத்தில், சுவரோரம், தனியாக இருத்தினா.

"இஞ்ச இவ்வளவு இடம் கிடக்க அவாவை ஏன் அங்க துரத்திறியள்?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்த வாங்குகள் மூன்று டி. இவா இருக்கிறது நாலு எஸ். நாலு எஸ் நிரம்பித்தான் அது நிரம்பும். நாலு எஸ்ஸுக்குத்தான் சக்தி குறைவு."

எனக்கு அந்த இடம் நல்ல விருப்பம். ஆனால் ரீச்சர் நிறுத்தவில்லை. "பத்தொன்பது பேர். நாங்கள் பொற்றாசியம். கடைசி இலத்திரன் லேசாய்க் கழண்டு போகும்," என்று சொல்லிக்கொண்டு இடுப்பளவுச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அங்கே வர்த்தகப் பிரிவுப் பெற்றோர். எண்ணினா. பதினேழு பேர்.

"குளோரின்! அவைக்கு ஒரு இலத்திரன் குறையுது. அம்மா, நீங்கள் போய் அங்க இருங்கோ."

போனேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பக்கம் கை தட்டினார்கள். "இரண்டும் சேர்ந்தால் நாங்கள் வயலுக்கு எறியிற பசளையெல்லோ இது!" என்று யாரோ சொன்னார்.

வர்த்தக சேர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர், திரும்பி ஒரு படிவத்தை என் கையில் தந்தார். "பிந்தி வந்திட்டியள். பிள்ளையின்ர பெயரை எழுதுங்கோ."

"நான் இலத்திரன், சேர்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

சுவருக்கு அங்கால் அதிபரின் குரல் கேட்டது. "பதினெட்டுப் பேர்தானே இருக்கினம்?"

"ஓம் சேர். ஒராள் போயிட்டா. இப்ப எங்களுக்குப் பிளஸ் ஒண்டு."

"ஆள் குறைஞ்சால் எப்பிடிப் பிளஸ் வரும்?"

"இலத்திரன் மைனஸ், சேர். அது போனால் பிளஸ். இப்பதான் நாங்கள் உறுதியாய் இருக்கிறம்."

"அப்ப சரி. எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு. படிவங்களைக் கட்டுவம்," என்றார் அதிபர்.

என் கையில் வர்த்தகப் படிவம். மகளின் முகம் நினைவில் வந்தது. எழும்பினேன்.

"சேர், கட்டாதேங்கோ! என்ர பிள்ளைக்கு இரசாயனவியல்தான் வேணும்!"

இரண்டு பக்கமும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

"அம்மா, இப்ப திரும்பி வந்தால் உறுதி கெட்டிடும்," என்றா ரீச்சர், உண்மையிலேயே கவலையோடு.

"கெடட்டும், ரீச்சர்."

அதிபர் எழும்பி வந்து படிவத்தைச் சுவரின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். வர்த்தக சேர் தன் பேனையைத் தந்தார். நான் குளோரின் பக்கம் நின்றபடியே பொற்றாசியத்தில் கையெழுத்து வைத்தேன்.