நிற்க மறுத்த ஒலி

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு எழும்போதெல்லாம் இன்றும் அந்த நாள் நினைவுக்கு வரும். கணினியில் இசையொலி உருவாக்கும் மென்பொருளைக் கையேடு இல்லாமல், திரையிலுள்ள குமிழ்களைத் திருகித் திருகியே பழகினேன். நான் எழுதிய கவிதையொன்றுக்குப் பின்னணியாகத் தேடிய ஒலி அன்றுதான் அமைந்தது. விசையிலிருந்து விரலை எடுத்தும் நிற்காமல் முழங்கியது. அந்நேரம் பாங்கு தொடங்கியது.

"நிப்பாட்டுங்களன், பாங்கு சொல்றாங்க!" மனைவி கத்தினாள்.

நிறுத்தத் தெரியாமல் வயரைப் பிடுங்கினேன். பற்றரி செத்த மடிக்கணினி அணைந்தது. சேமிக்காத ஒலியும் போனது.

தொழுது வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. அவள் தன் போனை நீட்டினாள். "உங்கட கூத்த என்ட தங்கச்சிக்கு அனுப்ப ரெக்கோட் பண்ணினன்."

அதில் என் ஒலி இருந்தது. கேலிக்கென்றாலும் அவள் கேட்டிருக்கிறாள்.

தன் உம்மா வீட்டுக்குப் புறப்பட்டவள் வாசலில் சொன்னாள்: "போன வெச்சிட்டுப் போறன், கேட்டுக் கேட்டுத் திருகுங்க. தங்கச்சி கோல் பண்ணினா மட்டும் கதைக்காதீங்க, உங்கட கூத்தச் சொல்லிச் சிரிச்சே கொன்றுடுவா."