வோர்டன் பஸ்ஸில் இரண்டு மருத்துவக் கல்லூரிக் கடிதங்கள்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மலை ஏறுவார்கள், கடல் கடப்பார்கள். நான் எழுதப் போவது டொரன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் இருந்து செஸ்ரர் சப்வே ஸ்ரேசன் வரை போய்த் திரும்பிய ஒரு சனிக்கிழமையைப் பற்றி. போக வர இருபத்தைந்து கிலோமீற்றருக்குள்தான் வரும். 1996 மே மாதம். ஆளுக்கு நாலு டொலர் பஸ்காசு, ஒரு சந்திப்புக்கு ஐம்பத்தைந்து டொலர், இடையில் ஒரு கோப்பி. இவ்வளவுதான் செலவு. ஆனால் நான் பிறகு பார்த்த எந்த ஊரும் என்னை அப்படி வாயைப் பிளக்க வைக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மாதம் ஒரு பிள்ளையாவது எனக்கு மின்னஞ்சல் போடுகிறாள்: “அன்ரி, எம்.டி.யா, டி.ஓ.வா?” ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதிக் கை உளைகிறது. எல்லோரும் இதையே வாசியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஒன்ராறியோவின் மருத்துவக் கல்லூரிகள் இரண்டு வருடம் தொடர்ந்து எனக்குக் கதவைச் சாத்திவிட்டன. மூன்றாம் முறை அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தேன். ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று நியூயோர்க் மாநிலத்தில் ஓர் அலோபதிக் கல்லூரி, முடித்தால் எம்.டி. மற்றது மிச்சிகனில் ஓர் ஒஸ்ரியோபதிக் கல்லூரி, முடித்தால் டி.ஓ. அமெரிக்காவில் இரண்டு பேரும் முழு டொக்டர்கள்தான். ஒரே பாடங்கள், இரண்டு பேரும் மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம். டி.ஓ. படிக்கிறவர்களுக்கு மேலதிகமாக, கையால் தொட்டு எலும்பையும் தசையையும் அறிகிற பயிற்சி உண்டு. சிக்கல் எல்லை தாண்டினால்தான். அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் டி.ஓ. பட்டத்தோடு வந்து முழு டொக்டராக வேலை செய்யலாமா என்று கேட்டு நான் ஆறு இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை.

எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா யாழ்ப்பாணத்திலேயே செத்துப்போய்விட்டார். அம்மா வோர்டன் வீதியில் ஒரு மஃபின் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். படித்து முடித்து டொரன்ரோவுக்கே திரும்பி வந்து அவரோடு இருப்பது என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் ஒப்பந்தம். எம்.டி. எடுத்தால் திரும்பி வரலாம். டி.ஓ. எடுத்தால் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கமே வாழ்க்கை என்று ஆகலாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கல்லூரிக்கும் பதில் போட வேண்டும்.

புத்தியுள்ளவள் உடனே எம்.டி.க்குக் கையெழுத்து வைத்திருப்பாள். எனக்கு மிச்சிகன் மண்டைக்குள் ஏறிவிட்டது. நேர்முகத்துக்குப் போன அன்று அங்கே ஒரு மாணவி தன் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி, தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு தாளுக்கு அடியில் வைத்து, “கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு” என்றாள். கண்டுபிடித்தேன். இரண்டு தாள், மூன்று தாள். நாலாம் தாளோடு எனக்குக் கைவிட்டுப் போயிற்று. அவள் இன்னும் ஒரு கற்றைத் தாளைப் புரட்டி மேலே போட்டு, கண்ணை மூடி, அந்த மயிர் கிடந்த கோட்டை விரலால் அப்படியே கீறிக் காட்டினாள். மனிதக் கைக்கு இது முடியுமா என்று எனக்கு மேல் புல்லரித்தது.

அங்கே ஆளின் முதுகைக் கையால் பார்க்கப் பழக்குவார்கள் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆரின்ரை முதுகிலை பழகிறவை?” ஒருவர் முதுகில் ஒருவர், அரைக்காற்சட்டையோடு என்றேன். “பொடியளும் பெட்டையளும் சேர்ந்தோ?” என்று கேட்டவர், இரண்டு நாள் மிச்சிகன் என்ற பெயரையே எடுக்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை எட்டு நாற்பதுக்கு நானும் அம்மாவும் வீட்டிலிருந்து இறங்கி, லோரன்ஸ் வீதியில் ஏழு நிமிடம் நடந்து எங்கள் குடும்ப டொக்டரின் கிளினிக். அவர் தமிழ்ப் பெண்மணி, எம்.டி. சனிக்கிழமை அரைநாள்தான், ஆனால் ஒன்பது மணிக்கே கதிரை இல்லை. ஹெல்த் கார்ட் காட்டினால் போதும், காசில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு நீலம் பாரித்த உதட்டோடு ஒரு சின்னப் பெண்ணைத் தகப்பன் தூக்கி வந்தார். டொக்டர் எங்களை எல்லாம் தாண்டி அவளை உள்ளே கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் அந்தப் பிள்ளை நடந்து வெளியே வந்து, அம்மாவின் பையில் இருந்த மஃபினைக் கை காட்டிக் கேட்டது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. எம்.டி. என்றால் இதுதான் என்று அம்மா முழங்கையால் என்னை இடித்தார்.

எங்கள் முறை வந்தபோது டொக்டர் இரண்டு கடிதங்களையும் வாசித்தார். “அங்கை அவையும் முழு டொக்டர்மார்தான் பிள்ளை, குறைச்சு நினைக்காதை. ஆனால் இஞ்சை வந்தால் மருந்தெழுதிற பேனை உன்ரை கையிலை இராது. நான் சொல்லக்கூடியது உவ்வளவுதான்.” வெளியே வந்ததும் அம்மா, “முடிஞ்சுது கதை. உந்தச் செஸ்ரருக்குப் போய் ஏன் காசைக் கரியாக்குவான்?” என்றார். சந்திப்பை ரத்துச் செய்தாலும் காசு போகும் என்று ஒரு பொய்யைச் சொல்லித்தான் அவரைப் பஸ் தரிப்புக்கு இழுத்துப் போனேன்.

பத்து இருபதுக்கு தெற்கே போகும் 68 வோர்டன் பஸ். இரண்டு டொலர் போட்டால், அதே காசில் சப்வேக்கு மாறி ஏற ஒரு ட்ரான்ஸ்ஃபர் துண்டு தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள், இடையில் இறங்கிக் கடைக்குப் போகவும் முடியாது. அம்மாவுக்கு எக்ளிங்ரனில் இறங்கி மரக்கறி பார்க்க ஆசை. துண்டை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஜமேக்காக்காரச் சாரதி சிரித்துக்கொண்டு, “அம்மா, இது பயணம் போக. சமைக்க இல்லை,” என்றார். நாலரைக் கிலோமீற்றர், பதினாறு நிமிடம், வோர்டன் ஸ்ரேசன். அங்கிருந்து மேற்கே எட்டாவது நிறுத்தம் செஸ்ரர்.

அங்கே யாரைப் பார்க்கப் போனோம் என்று இன்னும் சொல்லவில்லை. அமெரிக்காவில் டி.ஓ. படித்துவிட்டு டொரன்ரோவில் இருக்கிற ஒருவரைத் தேடித் தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைக் கரைத்துக் குடித்ததில், கரோல் என்று ஒரு பெண்மணி அகப்பட்டார். “சந்தித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்” என்று சொல்லி நேரம் எடுப்பதுதானே முறை? நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். வெறுங்கையோடு போய்க் கேட்க வெட்கம். எனக்குப் பொல்லாத நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று சொல்லி நோயாளியாகப் பதிந்துவிட்டேன். செஸ்ரர் படிகளில் ஏறும்போது அம்மா, “கொஞ்சம் நொண்டிக்கொண்டு வா, பொய்யெண்டு பிடிச்சிடுவா,” என்று பயிற்சி வேறு தந்தார். நொண்டினேன்.

ஸ்ரேசனில் இருந்து மூன்று நிமிட நடையில் ஒரு பழைய செங்கல் வீடு. முன் அறையில் மேசை ஒன்று, யன்னல் ஒன்று. கரோலுக்கு நாற்பது வயது இருக்கும், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தார். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். அம்மா மூலையில் கதிரையின் நுனியில், மஃபின் பையை மடியில் வைத்துக்கொண்டு, காவல்.

அந்தக் கைகளை எப்படி எழுதுவது? அமர்த்தவில்லை, பிசையவில்லை. சும்மா வைத்துக்கொண்டு இருந்தார். பாணுக்கு மா குழைத்துவிட்டுப் பொங்குகிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. நாலு நிமிடம் போயிருக்கும்.

“உன் நாரியில் ஒரு குறையும் இல்லை,” என்றார் ஆங்கிலத்தில். “உண்மையில் என்ன விஷயமாக வந்தாய்?”

எனக்கு முகம் மேசைக்குள் புதைந்தது நல்லதாகப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கடிதங்கள், வெள்ளிக்கிழமை, அம்மா. கரோல் கோபிக்கவில்லை, அவர் சிரித்தது கை வழியாக என் முதுகில் தெரிந்தது. கையை எடுக்கவும் இல்லை. அது மெல்ல மேலே போய், இடது பக்கம், விலாவின் பின்புறத்தில் ஓர் இடத்தில் நின்றது.

“இந்த எலும்பு எப்போது முறிந்தது?”

உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் அது. பன்னிரண்டு வயதில், வானத்தில் ஆமி ஹெலிகொப்ரர் இரைந்த சத்தத்துக்கு வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தபோது பனங்குற்றியில் அடிபட்டது. மாதக்கணக்காக மூச்சு இழுத்தால் குத்தும். பிறகு தானாக ஆறிவிட்டது. பதினொரு வருடத்துக்குப் பிறகு, சட்டைக்கு மேலால், ஒரு படமும் எடுக்காமல், ஒரு விரல் அதை வாசித்துவிட்டது.

“என்னவாம் பிள்ளை? என்ன சொல்லுறா?” என்றார் அம்மா.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாரி கொஞ்சம் இறுக்கமாம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவும் நம்பியிருப்பார். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கை என் முதுகில் இருக்கும்போது இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“விலா எலும்பு முறிஞ்சு ஆறியிருக்காம் அம்மா.”

“எப்ப?”

“அப்பான்ரை எட்டுச் செலவுக்கு முதல்நாள்.”

மஃபின் பை நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. அப்பா செத்து எட்டாம் நாள் சடங்குவரை, அந்த எட்டு நாளும் அம்மா ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர்கூட ஆராவது பருக்கினால்தான் குடித்தார். அவரிடம் போய் எனக்கு நோகிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பிறகு சொல்லக் காரணமும் இல்லாமல் போயிற்று.

கரோலுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை, ஆனால் விளங்க வேண்டியது விளங்கியிருக்க வேண்டும். அம்மாவைக் கிட்டக் கூப்பிட்டு, அவருடைய வலது கையைப் பிடித்து, அதன் நடுவிரலை என் விலாவில் வைத்தார். பெட்டி மட்டை வெட்டித் தடித்துப்போன விரல். முதலில் அங்கும் இங்கும் தடவியது. பிறகு நின்றது. “இஞ்சை… கட்டி மாதிரி…” என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மனித உடம்பு இப்படி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் என்றோ, அதை வாசிக்க ஒரு கை போதும் என்றோ நான் அதுவரை நினைத்ததே இல்லை.

புறப்படும்போது என் கேள்வியைக் கேட்டேன். கரோல் ஒளிக்காமல் சொன்னார்: “அந்தப் பக்கம் எட்டு வருடம் முழு டொக்டராக இருந்தேன். கணவருக்காக இங்கே வந்தேன். இங்கே உனக்கு ஒரு வலிமாத்திரைகூட என்னால் எழுதித் தர முடியாது.”

“கவலை இல்லையா?”

“திங்கட்கிழமைகளில் இருக்கும்,” என்றார். எதை எடு என்று கடைசிவரை சொல்லவில்லை.

பன்னிரண்டு பத்துக்குத் திரும்பி ரயில் ஏறினோம். எனக்கு முடிவு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வித்தை தெரிந்த ஒருவர் ஒரு மாத்திரை எழுத முடியாமல் இருக்கிறார் என்றால், நான் எம்.டி. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் சரி. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மெயின் ஸ்ட்ரீட் ஸ்ரேசன் வரும்வரை அவர் என் விலாப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“மிச்சிகனுக்கே எழுது,” என்றார் பிறகு.

“அம்மா, அதைப் படிச்சால் நான் உங்களோடை வந்து இருக்கேலாது.”

“பக்கத்திலை இருந்தால் மட்டும் எல்லாம் தெரிஞ்சிடுமோ? பக்கத்திலை இருந்துதானே எனக்குத் தெரியேல்லை. உனக்குத் தலை வாரி, தோய வார்த்து, ஒரு பாயிலை படுத்தனான். அந்த மனிசிக்கு அஞ்சு நிமிசம் போதுமாயிருந்துது. நீ உதைப் படி. சிற்றிசன் பேப்பர் வந்தாப் பிறகு நான் பாலம் கடந்து வாறன்.”

வியாழக்கிழமை மிச்சிகனுக்கு ஓம் என்று பதில் போட்டேன். அரைக்காற்சட்டையை அம்மாவே வாங்கித் தந்தார், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற அளவில்.

இனி, இரண்டு கடிதங்களோடு நிற்கிற பிள்ளைகளுக்கு. முதலில் எந்த ஊரில் வாழப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள், கல்லூரியைப் பிறகு பாருங்கள். அந்த ஊரின் அனுமதி விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் காலத்து விதிகள் பிறகு மாறிவிட்டன, ஆகவே என் கதையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஹோமியோபதியும் இதுவும் ஒன்றா என்று கேட்கிற மாமாக்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு பட்டக்காரரையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள், காலையில் ஒருவர், மத்தியானத்துக்குள் மற்றவர். சனிக்கிழமை நல்லது, பஸ் நெரிசல் குறைவு. நோயாளி வேடம் போடாதீர்கள், பிடிபடுவீர்கள். முடிவில் யாரோடு வாழ ஆசைப்படுகிறீர்களோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரியான முடிவா என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றையும் ஒளிப்பதில்லை. படித்து முடித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் வேலை எடுத்தேன். வீட்டுக்கு நூற்றெழுபது கிலோமீற்றர். அம்மா பேப்பர் கிடைத்ததும் சொன்னபடி பாலம் கடந்து வந்து போனார். ஒரு மாரிகாலம் அவருக்கு நியூமோனியா வந்து வீட்டுக்குக் கிட்ட, ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பனிக்குள் காரோட்டி வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு ஒன்ராறியோ அனுமதி இல்லை. அந்தக் கட்டிலில் தொங்கிய கோப்பில் ஒரு எழுத்து எழுத எனக்கு உரிமை இல்லை. அம்மாவைச் சரித்துப் படுக்க வைத்து, முதுகில் கையை வைத்து, எந்த விலா ஏறுகிறது, எது ஏறத் தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். தாதி வந்து கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, “நீங்கள் டொக்டரா?” என்று கேட்டாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, தன்னுடைய மஃபின் தொழிற்சாலை ஆங்கிலத்தில், “பஃபலோவில் டொக்டர். இங்கே என்னுடைய மகள்,” என்றார்.

தாதி சிரித்துவிட்டு, எங்களுக்கு இடம் விட்டு, மற்றப் பக்கமாகச் சுற்றி வந்து தன் வேலையைச் செய்தாள். நான் கையை எடுக்கவில்லை.